ஓடி ஓய்ந்த நாய்க்கு ஓர் அரங்கம்

ஏர் இழுத்துக் கிழடான எருதை அடிமாட்டுக்காரனிடம் விற்பவனை நம் கிராமத்து ஜனங்கள் நல்ல கண் கொண்டு பார்ப்பதில்லை. பால் வற்றிய பசுவுக்கும் ஒரு பிடி வைக்கோல் போடுவதுதான் குடும்பத்துக்கு அழகு என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், எஜமானனுக்காக நாலைந்து வருஷம் முள்ளிலும் கல்லிலும் ஓடிக் கால் தளர்ந்து நிற்கும் ஓட்ட நாயின் கதி என்ன என்று கேட்டால், நம்மில் அநேகர் பதில் சொல்ல முடியாமல் விழிப்போம். எருதுக்குக் கொட்டில் இருக்கிறது. பசுவுக்குத் தொழுவம் இருக்கிறது. நாய்க்குத் தெருதானே என்று சிலர் நினைக்கவும் கூடும்.

அப்படி நினைக்க வேண்டியதில்லை என்று காட்டுவதற்கே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். ஓட்டம் நின்ற நாயைக் கண்காட்சி அரங்கில் நிறுத்தலாம். அதனால் நாய்க்கு நன்மை, வளர்ப்பவருக்குக் கௌரவம். இவை இரண்டையும்விட, நம் தேசத்து நாய்க் குலத்துக்கே அதில் பெரிய நன்மை இருக்கிறது.

சுதேசி நாய்கள்

சுதேசியம் என்பது துணியோடும் உப்போடும் நின்றுவிடுகிற விஷயமல்ல. நம் பட்டணங்களில் பணம் கொடுத்து வாங்கும் நாய்களைப் பாருங்கள். பெரும்பாலானவை சீமைச் சரக்கு. ஸைபீரியாவின் பனியில் சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த நாயைச் சென்னை வெயிலில் கொண்டுவந்து, அதற்காக ஓர் அறையைக் குளிர்சாதனம் வைத்துப் பூட்டி வைக்கிறோம். நம் வெயிலையும் நம் கூழையும் தாங்கிப் பல தலைமுறைகளாக நம்மோடு வாழ்ந்த நாயைப் பற்றிக் கேட்டாலோ, "அது நாட்டு நாய்தானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறோம்.

அந்த நாட்டு நாய்களில் எத்தனை வகை! ராஜபாளையம் நாய் காவலுக்குப் பேர் போனது. தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரால் வழங்கும் கோம்பை நாய் முரட்டுத் தைரியத்துக்குப் பேர் போனது. ஓட்டத்துக்கென்றே பிறந்தவை சிப்பிப்பாறையும் கன்னியும். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிப்பிப்பாறை என்னும் கிராமத்தின் பெயர் முதலாவதற்கு வந்தது. செவலை, சாம்பல் முதலிய ஒரே நிறமாக இருப்பவற்றைச் சிப்பிப்பாறை என்றும், கறுப்பு உடலில் கன்னத்திலும் காலிலும் செம்பழுப்பு படர்ந்ததைக் கன்னி என்றும், பால் நிறமானதைப் பால்கன்னி என்றும் தென்பாண்டிச் சீமையில் வழங்குவார்கள். கல்யாணமாகிப் புக்ககம் போகும் பெண்ணுடன் சீராக அனுப்பியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்லுவார்கள்.

இவை மோப்பம் பிடித்துப் பின்தொடரும் நாய்கள் அல்ல. கண்ணால் கண்டு துரத்துகிறவை. அதனால்தான் நீண்டு குறுகிய தலை, ஆழ்ந்த மார்பு, உள்ளே ஏறிய வயிறு, வில்லைப் போல் வளைந்து நிமிரும் முதுகு, சாட்டை போன்ற வால் ஆகிய லக்ஷணங்கள் இவற்றுக்கு அமைந்திருக்கின்றன. ஆங்கிலேயரின் கிரேஹவுண்டு, அரேபியரின் ஸலூக்கி, கன்னட நாட்டு முதோல் நாய் ஆகிய எல்லாம் இதே அமைப்பு உடையவைதாம். ஓட்டத்தின் தேவை எங்கும் ஒன்றாக இருக்கும்போது உடலும் ஒன்றாகத்தானே அமையும்!

நாய்க்குக் கௌரவம் செய்வது நமக்குப் புதிதா? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாடு கவர வந்தவர்களோடு போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது; கள்ளரைக் கடித்து நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்பதையும் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த நாட்டில்தான் இன்று நாய்களைப் பெயரில்லாமல் தெருவில் விடுகிறோம்.

வேட்டை நின்றது, நாய் நின்றதா?

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் பார்த்தால், முயல் வேட்டை உள்பட நாய் வைத்து ஆடும் வேட்டை இன்று குற்றம். அது நல்ல சட்டம் என்பதே நமது அபிப்பிராயம். காட்டையும் கண்மாய்க்கரையையும் காலி செய்துவிட்டு நாய்க்கு ஓட்டம் தேடுவது தர்மமாகாது. ஆனால் சட்டம் வேட்டையை நிறுத்திற்றேயன்றி, நாயின் ரத்தத்தில் ஊறிய ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஓட இடமில்லாத நாயைச் சிலர் சங்கிலியில் கட்டிப் போட்டார்கள். சிலர் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். சிலர் சட்டத்தை ஏய்த்தார்கள். சில ஊர்களில் நாட்டு நாய்களுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். அந்தப் பந்தயத்திலும் நாய்க்கு நாலைந்து வயதானதும் வேகம் குறைந்துவிடுகிறது. நன்றாகப் பேணினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழக்கூடிய பிராணி அது. மிச்ச ஆயுளை அது என்ன செய்வது?

இந்தக் கேள்வி மேல்நாட்டாரையும் விடவில்லை. இயந்திர முயலின் பின்னால் நாயை ஓடவிடும் முறையை 1919-இல் கலிபோர்னியாவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1926-இல் மான்செஸ்டர் நகரத்துப் பெல் வியூவில் அது தொடங்கியதும் இங்கிலாந்து முழுவதையும் மோகம் பற்றிக்கொண்டது. 1929-லும் 1930-லும் டெர்பி பந்தயத்தை வென்ற மிக் தி மில்லர் என்னும் ஐரிஷ் நாய், இறந்த பிறகும் பாடம் செய்யப்பட்டுப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டது. ஆனால், ஒரு மிக் தி மில்லருக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான நாய்கள் இருந்தன அல்லவா? அவற்றை வீடு சேர்ப்பதற்கென்று 1975-இல் பிரிட்டனில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்து ஜனங்கள் 2018-இல் வாக்களித்து, 2020-ஆம் ஆண்டு முடிவோடு இந்தப் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். மக்காவ் நகரத்துப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது.

அப்படி வீடு சேர்ந்த நாய்களை வளர்த்தவர்கள் கண்டறிந்த விஷயங்கள் நமக்கு மிகவும் உபயோகமானவை. திடலும் கூண்டும் தவிர வேறொன்றும் அறியாத நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாமல் அதில் முட்டிக்கொள்ளும். வழுக்கும் தரையில் கால் வைக்க நடுங்கும். சிறிய வெள்ளை நாயைக் கண்டால் முயல் என்று பாயும். சாதுவான பிராணிதான், உலகம் மட்டும் அதற்குப் புதிது. நம் வேட்டை நாயின் நிலைமையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

கண்காட்சி என்றால் என்ன?

நாய்க் கண்காட்சி என்றவுடன் வாசனைத் தைலம் தடவிய நாய்களும் பட்டுக் கையுறை அணிந்த சீமாட்டிகளும் நினைவுக்கு வருவது சகஜம். அதன் பிறப்பு அப்படிப்பட்டதல்ல. 1859-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் நடந்த கண்காட்சியில் வேட்டைக்குத் துணை போகும் நாய்கள் மட்டுமே கலந்துகொண்டன. வென்றவர்களுக்குக் கொடுத்த பரிசு துப்பாக்கி! உழைக்கும் நாயின் உடலை உற்றுப் பார்த்து, இதன் வம்சம் விருத்தியாகட்டும் என்று தேர்ந்தெடுப்பதற்கு ஏற்பட்டதுதான் கண்காட்சி. லண்டனில் நடந்த பிரசித்தமான கிரப்ட்ஸ் கண்காட்சியில் எல்லா இனங்களுக்கும் மேலான நாய் என்ற பட்டத்தை 1928-இல் முதன்முதலாக ஏற்படுத்தியபோது அதைத் தட்டிக்கொண்டு போனதும் ஒரு கிரேஹவுண்டுதான்.

நம் ராஜ்யத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமை நிலையம் சென்னையிலேயே இருக்கிறது. உதகமண்டலத்தில் தென்னிந்தியக் கென்னல் கிளப் மே மாதத்தில் நடத்தும் கண்காட்சி நெடுங்காலமாகப் பேர் பெற்றது. ஏற்காடு, கொடைக்கானல் கோடை விழாக்களிலும் நாய்க் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் முறை அரங்கேறும் நாய்க்கு இத்தகைய விழாக் கண்காட்சிகளே நல்ல பள்ளிக்கூடம். பெரிய கண்காட்சிக்குப் பதிவுச் சீட்டு வேண்டும். பெற்றோர் வரலாறு எழுதி வைக்கப்படாத சுதேசி நாய்களையும், நிபுணர்கள் நேரில் பார்த்து இன லக்ஷணம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், பதிவு செய்துகொள்ளக் கென்னல் கிளப் வழி வைத்திருக்கிறது. அப்போது தோலுக்கடியில் அரிசி அளவான அடையாளச் சில்லு ஒன்றைச் செலுத்துவார்கள். அதன்பின் நாய் மாறிற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோட்டைப்பட்டினத்தில் ஒரு நாய்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இருக்கிறது கோட்டைப்பட்டினம். முன்பக்கம் விசைப்படகுகளும் மீன் ஏலமும். பின்பக்கம் வறண்ட பொட்டல், கண்மாய், சீமைக் கருவேல முள். அந்த ஊர் அன்பர் ஒருவரிடம் ஐந்து வயதான கன்னி நாய் ஒன்று இருக்கிறது என்றும், இனி அதை ஓடவிடுவதில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய வேண்டும்? ஆறு மாத காலத்துக்குக் குறையாமல் பிரயாசைப்பட வேண்டும்.

முதல் மாதம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே முதல் யோசனை. நாய் இளைப்பாறட்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, குடற்பூச்சிக்கு மருந்து கொடுத்து, உண்ணியை ஒழிக்க வேண்டும். இந்த ஜாதி நாய்களுக்குத் தேகத்தில் கொழுப்பு மிகக் குறைவு. கிரேஹவுண்டுகளுக்குச் சில மயக்க மருந்துகள் சாதாரண நாய்களைவிட நெடுநேரம் தெளியாமல் இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகையால் பல் சுத்தி செய்யவோ பழைய புண்ணைத் தைக்கவோ மயக்கம் கொடுப்பதானால், இது ஓட்ட நாய் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய எலும்பு முறிவோ நொண்டலோ இருந்தால், அந்த நாயை அரங்குக்கு இழுக்காமல் வீட்டு வாசலில் நிம்மதியாகப் படுக்கவிடுவதே தர்மம்.

ஆகாரம் அடுத்தது. கண்காட்சி என்றதும் நாயைக் கொழுக்க வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய பிசகு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் மங்கலாகத் தெரிய வேண்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. தொடைத் தசை திரண்டிருக்க வேண்டும். கம்பங்களியையும் மோர்ச் சோற்றையும் மட்டும் உண்டு வளர்ந்த நாய்க்கு மாமிச சத்து போதாது. கடற்கரை வீட்டில் இதற்குக் கவலை என்ன? மத்தி, சாளை போன்ற மலிவான மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை நீக்கிச் சோற்றில் பிசைந்து போடலாம். வாரத்தில் சில நாள் முட்டை கொடுக்கலாம். கருவாடு மாத்திரம் கூடாது. அதன் உப்பு நாய்க்கு ஆகாது. வெங்காயம் சேர்ந்த குழம்பும் விஷம்.

தேகப் பயிற்சிக்குக் கடற்கரை இயற்கை கொடுத்த மைதானம். பாக் நீரிணைக் கரையில் பல இடங்கள் சேறாக இருக்கும். அவற்றை விட்டு, நீர் வற்றிய நேரத்தில் கெட்டியாக இறுகிய ஈர மணலில், வெயில் ஏறுவதற்கு முன் நடத்திக்கொண்டு போகவேண்டும். புதைமணலில் ஓடவிட்டால் தசைநார் பிசகும். சிப்பி ஓடும் மீன் முள்ளும் அறுந்த தூண்டிலும் பாதத்தைக் கிழிக்கும். ஆகையால் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நாலு காலையும் கழுவி, விரல் இடுக்கைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஓடிய காலத்தில் நகம் தானே தேய்ந்தது, இப்போது வளரும். நகம் நீண்டால் விரல் விரிந்து, பாதத்தின் அழகே கெட்டுப்போகும். பத்து நாளுக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுவது நலம். உள்ளே ஓடும் ரத்த நாளத்தில் பட்டுவிட்டால் பின்பு நாய் காலையே கொடுக்காது.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். குட்டை மயிர் உள்ள நாய்க்கு அடிக்கடி சோப்பு ஸ்நானம் வேண்டாம். ரப்பர் கையுறையால் தினம் ஐந்து நிமிஷம் தேய்த்துவிட்டால் மயிர் பளபளக்கும். கருவேல முள் கிழித்த பழைய வடுக்களைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம். வடு பரம்பரையாக வரும் குறையல்ல என்பதை அனுபவமுள்ள நடுவர் அறிவார். காதை வெட்டி அழகு செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பக்கத்திலே சேர்க்கக் கூடாது. பிராணியை அங்கஹீனப்படுத்துவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

நடையும் நிலையும்

இனி வருவதுதான் கஷ்டமான பாடம். வேட்டை நாய் அறிந்த நடைகள் இரண்டு: ஒன்று சோம்பல் நடை, மற்றொன்று நாற்கால் பாய்ச்சல். அரங்கிலோ இவை இரண்டுக்கும் நடுவான பெருநடையைத்தான் கேட்பார்கள். நாயை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, எல்லோருடனும் இடமாகச் சுற்றி வரவேண்டும். பிறகு தனியாக நேர்கோட்டிலோ முக்கோணமாகவோ போய் வரவேண்டும். நடுவர் முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் கால் வீச்சைக் கவனிப்பார். நாய் முன்னே இழுத்தாலும் பின்னே தயங்கினாலும் அந்த வீச்சு தெரியாது.

இந்த நாய்களின் தலை கழுத்தைவிடச் சிறுத்தது. சாதாரணப் பட்டையைத் தலை வழியே உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலமான தோல் பட்டையைக் காதுக்குப் பின்னால் சற்று மேலாகப் பூட்டுவது நலம். தினம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்தே நிமிஷம் பழக்கினால் போதும். சரியாக நடந்த மறுகணமே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுக்க வேண்டும். அடித்துப் பழக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மற்ற ஜாதி நாய் அடியை மறந்தாலும் மறக்கும். கன்னியும் சிப்பிப்பாறையும் மனம் சுருங்கி ஒதுங்கிப் போய்விடும். வாலைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு அரங்கில் நிற்கும் நாய் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

"உட்கார்" என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் "நில்" என்று சொல்லிக் கொடுப்பது மற்றொரு சூக்ஷ்மம். தொடை திரண்ட ஓட்ட நாய்க்கு உட்காருவது இயற்கையாகவே அசௌகரியம். அரங்கிலும் அதற்கு வேலையில்லை. முன்னங்கால் நேராகவும், பின்னங்கால் சற்றுப் பின்வாங்கியும், தலை நிமிர்ந்தும் இரண்டு நிமிஷம் அசையாமல் நிற்பதே தேவை. முயலைத் தூரத்தில் கண்டு நின்ற நாய்க்கு அந்த நிலை புதிதல்ல. காகத்தையோ எறிந்த பந்தையோ பார்த்து அது தானாக நிமிர்ந்து நிற்கும் தருணத்தில் "நில்" என்று சொல்லிப் பழக்கினால், சொல்லும் நிலையும் ஒன்றாகிவிடும்.

பிறகு அந்நியர் கை. நடுவர் வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார், தோளை அழுத்துவார், விலாவையும் தொடையையும் தடவுவார், ஆண் நாயானால் பீஜம் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார். எஜமானன் ஒருவனையே அறிந்த நாய் இதைச் சகிக்குமா? முதலில் வீட்டார், பிறகு அண்டை வீட்டார், பிறகு முன்பின் அறியாதவர் என்று படிப்படியாகத் தொடப் பழக்க வேண்டும். உறுமினால் ஒரு படி பின்வாங்கி மறுபடி தொடங்க வேண்டும்.

இரைச்சலுக்குப் பழக்கக் கோட்டைப்பட்டினத்து அன்பர் வெளியூர் போக வேண்டியதில்லை. மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு நூறு கஜ தூரத்தில் நாயோடு நின்றால் போதும். எந்த ஒலிபெருக்கிக்கும் குறைவில்லாத ஆரவாரம் அங்கே இருக்கிறது. நாயின் காது தளர்ந்து, வால் இயல்பாகத் தொங்குகிறவரையில் நிற்பதும், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டப் போவதும் நல்லது. சிறிய நாய்களைக் கண்டால் பாயும் குணம் எளிதில் போகாது. ஆகையால் அரங்குக்கு வெளியே, கூட்டத்தில், வாய்க்கூடு போட்டு வைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, புத்திசாலித்தனமே உண்டு. மொஸைக் தரை, மாடிப்படி, வண்டிப் பிரயாணம் இவற்றையும் முன்பே சிறிது சிறிதாகக் காட்டிவிட வேண்டும். முதல் பிரயாணமே உதகைக்கு என்றால், மலைச்சாலையின் வளைவிலேயே நாயின் உற்சாகம் முழுவதும் வாந்தியாகிவிடும்.

கண்காட்சி தினத்தன்று நிழலும் தண்ணீரும் பிரதானம். படுக்க ஒரு கனத்த ஜமக்காளம் கொண்டுபோக வேண்டும். எலும்பு மெத்தையில்லாத தேகம் அது. மலை ஊரானால் போர்த்த ஒரு சால்வையும் வேண்டும். வெறும் வயிற்றோடும் இருக்கக் கூடாது. வயிறு நிறைந்தும் இருக்கக் கூடாது. பரிசு வராவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல், நாய்க்கு ஒரு துண்டு ஈரல் அதிகமாகக் கொடுத்து வீடு திரும்புவதுதான் பெருந்தன்மை.

பிளவுபடாமல் காப்போம்

இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

பிரிட்டனில் கண்காட்சிக்கென்று வளர்க்கும் கிரேஹவுண்டு ஒரு வம்சமாகவும், பந்தயத்துக்கென்று வளர்ப்பது வேறொரு வம்சமாகவும் பிரிந்துவிட்டன. ஓடுகிற நாய் அரங்கேறுவதில்லை. அரங்கேறுகிற நாய் ஓடுவதில்லை. நம் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் இந்தப் பிளவு இன்னும் முற்றவில்லை. முற்றவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ராஜபாளையம் நாய் தூய வெள்ளையாயும் மூக்கு ரோஜா நிறமாயும் இருக்க வேண்டும் என்ற ஆசையால் அந்த நிறத்தையே தேடித் தேடிப் பெருக்கினார்கள். நிறமிச் சத்துக் குறைந்ததன் பலனாக அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. காவலுக்குப் பிறந்த நாய்க்குக் காது கேட்காது என்றால், அந்த அழகு யாருக்கு வேண்டும்?

ஐந்து வருஷம் முள்ளிலும் வெயிலிலும் ஓடியும் மூட்டுக் கெடாமல், பல் விழாமல், குணம் கெடாமல் நிற்கிற நாய், தன் வம்சத்தின் தரத்துக்குத் தானே சாட்சி. நேற்றுப் பிறந்த அழகிய குட்டியிடம் அந்தச் சாட்சியம் இல்லை. நடுவரின் கையும் கண்ணும் அந்த உழைத்த தேகத்தில் பட வேண்டும். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் அதைச் சுற்றி நின்று பார்க்க வேண்டும். "இதுவல்லவா கன்னி!" என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூத்த நாய்களுக்கென்றே கண்காட்சிகளில் தனி வகுப்பு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அதற்குக் காரணமும் இதுதான்.

ஓட்டமும் அழகும் ஒரே மேடையில் நிற்கக்கூடும் என்பதற்கு அராபியர் உதாரணம். வேட்டைக்குப் பழக்கிய பிராணி பிடித்துக் கொடுத்ததை உண்ணலாம் என்று திருக்குர்ஆன் அனுமதிக்கிறது. ஸலூக்கி நாயைப் பாலைவனத்தார் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே வைத்துப் போற்றினார்கள். அபுதாபியின் அல் தஃப்ரா திருவிழாவில் ஒட்டகங்களோடு ஸலூக்கிகளுக்கும் ஓட்டப் பந்தயம் உண்டு. அழகுப் போட்டியும் உண்டு. வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போன நம் கடற்கரைச் சகோதரர்களில் சிலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கவும் கூடும். அங்கே கண்டதை இங்கே செய்தால் என்ன?

நம் சர்க்கார் இவற்றை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். 2005-இல் நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். ராஜபாளையம் அவற்றில் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளக் கழகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு. 2016-இல் முதோல் நாய்க் குட்டிகளை ராணுவம் மீரத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கத் தொடங்கிற்று. ஆயினும், தபால் தலை குட்டி போடாது. பதிவேடு பால் கொடுக்காது. சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கமே நடத்திய நாய்ப் பெருக்க நிலையத்தை, பிராணிகளின் நலத்தை முன்னிட்டு 2016-இல் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. இந்த நாய்கள் பிழைத்து வந்திருப்பது பெரும்பாலும் கிராமத்து வீட்டுத் திண்ணைகளில்தான். இனிப் பிழைக்கப் போவதும் அங்கேதான்.

ஆகையால், ஓட்டம் ஓய்ந்த நாய் ஒன்றை வைத்திருக்கும் அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே. அதை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். சங்கிலியில் மறந்தும் போகாதீர்கள். ஆறு மாதம் தினம் அரை மணி நேரம் அதற்குக் கொடுங்கள். குழந்தைகளையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடை விழாவில், சீமை நாய்களின் வரிசை நடுவே, வடுப்பட்ட தோலும் நிமிர்ந்த தலையுமாக நம் கன்னி ஒன்று நின்றால், பரிசுக் கோப்பை யாருக்குப் போனாலும் பார்த்தவர்கள் வீடு திரும்பும்போது பேசுவது அதைப் பற்றியே இருக்கும்.